தமிழிலிருந்து தமிழுக்கு

ஒன்பது வயதில் எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. தமிழில் சொல்வதைக் கேட்டு, அதைத் தமிழிலேயே திருப்பிச் சொல்ல வேண்டும். சிரிக்காதீர்கள். செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் கதைப்பதில்லை. நான் பிறப்பதற்கு முன்னரே முறிந்துபோன கதை அது. ஏன் முறிந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எல்லையில் நின்ற முருங்கைமரம் என்பார் அம்மா. மரமும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை, ஒரு சொல்தான் என்பார் பெரியம்மா. என்ன சொல் என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. சம்பந்தப்பட்ட இரண்டு பேரிடமும் கேட்க ஒருவருக்கும் துணிவில்லை. இதில் பெரிய பகிடி என்னவென்றால், இரண்டு வீடும் ஒரே வளவுக்குள்தான் இருந்தன. நடுவில் ஒரு தகரவேலி. கிணறு ஒன்று, தண்ணீர் மோட்டர் ஒன்று, வாசல் படலை ஒன்று. கதைக்காமல் எப்படிச் சீவிப்பது? அதற்குத்தான் நான் இருந்தேன்.

வேலிக்கு இந்தப் பக்கம் அப்பா நிற்பார், அந்தப் பக்கம் பெரியப்பா நிற்பார். தகரம் கழன்ற இடைவெளியில் நான் நிற்பேன்.

“பெரியப்பாட்டச் சொல்லு, மோட்டரை நிப்பாட்டச் சொல்லி” என்பார் அப்பா.

பெரியப்பாவுக்கு அது நன்றாகவே கேட்டிருக்கும். ஆனாலும் காது கேளாதவர் மாதிரி முருங்கைமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். நான் அவர் பக்கம் திரும்பி, “பெரியப்பா, மோட்டரை நிப்பாட்டட்டாம்” என்ற பிறகுதான் அவருக்குக் காது திறக்கும்.

“கொப்பரிட்டச் சொல்லு, தொட்டி இன்னும் நிரம்பேல்லை எண்டு.”

கொப்பர் என்றால் உன் அப்பா. நான் இந்தப் பக்கம் திரும்பி அதைச் சொல்வேன். அப்பா அப்போதுதான் புதிதாகக் கேட்பவர் மாதிரி “ஓஹோ” என்பார். ஒருவர் கோபமாகச் சொன்னால் நானும் இடுப்பில் கைவைத்துக் கோபமாகச் சொல்வேன். செருமினால் நானும் செருமுவேன். ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு வராத பிள்ளை என்று பெயர் எடுத்த எனக்கு, வளவுக்குள் அப்படியொரு மதிப்பு. நான் காய்ச்சலில் படுத்தால் இரண்டு வீட்டு அலுவலும் சேர்ந்து படுத்துவிடும்.

அந்த வருடம் போயா என்கிற பௌர்ணமி லீவு ஒன்று திங்கட்கிழமையில் வந்தது. சனி, ஞாயிறு, திங்கள் என்று சேர்ந்தாற்போல லீவு. நாட்டுச் சண்டை ஓய்ந்து, வெளிநாட்டுக்காரர் திருகோணமலைக் கடல் பார்க்க வரத் தொடங்கியிருந்த காலம். அந்த லீவுக்கு, உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு பழைய பங்களாவில் ஆட்ட முகாம் என்று ஒன்று நடக்கப்போவதாகக் கதை வந்தது. பல நாட்டு ஆட்கள் வந்து தங்கித் தங்கள் ஊர் ஆட்டத்தையும் பாட்டையும் பழக்குவார்களாம், எங்கள் ஊர் ஆட்டத்தையும் பழகுவார்களாம். சமையல் வேலையை அம்மாவும் பெரியம்மாவும் சேர்ந்து எடுத்தார்கள். கணவன்மாரின் சண்டை அவர்கள் இருவருக்கும் ஒருநாளும் ஒட்டியதில்லை.

“நாங்கள் முகாமுக்குப் போறம்” என்று அம்மா படலையில் நின்று சொன்னபோது பக்கத்து வீட்டு மாமி நெஞ்சில் கைவைத்துவிட்டார்.

“ஐயோ, திரும்பவும் தொடங்கிட்டாங்களோ?”

எங்கள் பக்கத்தில் முகாம் என்றால் அதுவரைக்கும் ஷெல்லுக்குப் பயந்து ஓடிப்போய்ப் பாய் விரித்த இடம். இல்லாவிட்டால் சீருடையும் துவக்குமாக ஆட்கள் நிற்கிற இடம். ஆடிப் பாடவும் ஒரு முகாம் உண்டு என்று அவருக்கு விளங்கப்படுத்த அம்மாவுக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் எடுத்தது.

அப்பா வைத்திருந்தது லவுட்ஸ்பீக்கர் வாடகைக் கடை. ஆகவே முகாமுக்கு மைக்கும் பெட்டிகளும் அப்பாவுடையவை. துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியப்பாவுக்கு வசந்தன் ஆட்டத்தில் பைத்தியம். ஆளுக்கு இரண்டு கோல் எடுத்துக்கொண்டு, சோடி சோடியாக எதிரெதிரே நின்று, கோலோடு கோல் தட்டி வட்டமாகச் சுற்றி ஆடுகிற ஆட்டம் அது. வெளிநாட்டுக்காரருக்கு அதைப் பழக்க அவரைக் கேட்டிருந்தார்கள். இப்படி இரண்டு பேரும் ஒரே முற்றத்தில் மூன்று நாள் நிற்கவேண்டி வந்தது தற்செயல் என்று நான் நினைத்திருந்தேன். பங்களாவின் குசினியில் முதல் நாள் காலையில்தான் அது தற்செயல் இல்லை என்று தெரிந்தது.

பெரியம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். திருவியபடியே அழுதார். கண்ணீர் தேங்காய்ப்பூவுக்குள் விழாமல் இருக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதது எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

“நீ சொல்லிப்போடாத. தன்ர வாயால தம்பியிட்டச் சொல்லோணும் எண்டு நிக்கிறார்” என்றார் அம்மாவிடம். “மற்றதெல்லாம் பிள்ளையிட்டச் சொல்லி அனுப்பலாம். தனக்கு இப்பிடி ஒரு வருத்தம் எண்டதை எப்பிடி அனுப்புறது?”

“இந்த லீவுக்குள்ள ரெண்டு பேரையும் கதைக்க வைக்கோணும் அக்கா” என்றார் அம்மா. “பிறகு நேரம் இருக்கோ இல்லையோ.”

வருத்தம் என்றால் எனக்குத் தெரிந்தது காய்ச்சலும் வயிற்றுவலியும்தான். பெரியப்பா மெலிந்திருந்தார் என்பது உண்மை. சேட்டு அவருடைய தோளில் சும்மா தொங்கியது. மத்தியானம் எல்லாரும் சோறு தின்ன அவர் கஞ்சிதான் குடித்தார். ஆனால் அந்தக் கதையில் எனக்குப் பட்டது வேறு. என்னிடம் சொல்லி அனுப்ப ஏலாத ஒரு செய்தியா? மோட்டரையும் தேங்காயையும் கரண்ட் பில்லையும் ஒரு பிழை இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான். எனக்குப் பொல்லாத அவமானமாகிவிட்டது. ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு கோபித்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். அங்கே ஒரு மான் வந்து பழத்தை என் கையிலிருந்து பறித்துத் தின்றது. எங்கள் ஊர் மான்களுக்கு வெட்கம் கிடையாது. கோட்டைப் பக்கமிருந்து ரோட்டுவழியே நடந்து வந்து எந்தப் படலைக்குள்ளும் நுழையும்.

அந்த முற்றத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வெயில்தான். புல்லுக்குக் கீழே இறங்கினால் கடல். கடல் என்றாலும் அலை இல்லாத கடல், அசையாமல் கிடக்கும். அக்கரையில் கோதுமை மா ஆலையின் உயரமான கட்டடம் வெளுத்துப்போய் நிற்கும். மூதூருக்குப் போகிற வள்ளங்கள் சத்தமில்லாமல் சின்னதாகிக்கொண்டே போகும். நடுவில் எங்கிருந்தோ வந்த ஆண்களும் பெண்களும் கைகோத்து, வெறுங்காலோடு புல்லில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டு முடியமுன் அடுத்தது தொடங்கும். எந்த நாட்டுப் பாட்டு எங்கே முடிந்து எந்த நாட்டுப் பாட்டு எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நித்திரை வரும், முழித்துப் பார்த்தால் அவர்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பார்கள். நான் நித்திரையில் பார்த்தவர்கள் எவர், முழித்துப் பார்த்தவர்கள் எவர் என்று இன்றைக்கும் பிரிக்க ஏலாது.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி பல்கேரியா என்ற நாட்டிலிருந்து வந்த ஒரு பெரிய பெண்மணி. சிவப்பு நூலில் பூவேலை செய்த ஏப்ரன் கட்டி, நெஞ்சில் ஒரு அக்கோடியன் வாத்தியத்தை அணைத்தபடி நடப்பார். அவரோடு கொழும்பிலிருந்து ஒரு அக்கா மொழிபெயர்க்க வந்திருந்தார். முதல் நாள் வயர் இழுத்துக்கொண்டிருந்த அப்பா அந்த அக்காவிடம், “இவா ஆர்?” என்று கேட்டார். பக்கத்தில் நிற்கிற பெண்ணை மரியாதையாகச் சொல்ல எங்களுக்கு ‘இவா’தான்.

“ஓம், இவா” என்றார் அக்கா.

“அதுதான் கேக்கிறன், இவா ஆர் எண்டு.”

“அவங்கதான் இவா.”

“தங்கச்சி, அவா ஆர் எண்டு நான் கேக்கேல்லை. இவா ஆர்?”

அந்த அம்மாவின் பெயரே இவா என்று விளங்க நேரமெடுத்தது. விளங்கியதும், புல்லில் குந்தியிருந்து மத்தளத்துக்கு வார் இழுத்துக்கொண்டிருந்த பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு அதைத் தம்பியோடு பகிர்ந்து சிரிக்க ஆசை. வாயைத் திறந்தவர் நிறுத்திக்கொண்டு என்னைத் தேடினார்.

“கொப்பரிட்டச் சொல்லு, அடுத்தது ‘உவா’ எண்டு ஒருத்தி வருவாவாம்.”

இவாவுக்கும் அவாவுக்கும் நடுவில் நிற்பவர் எங்களுக்கு ‘உவா’. நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா வயரைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். “சொல்லு, அப்ப சோறு காணாதாம்.” நான் ஓடிவந்து சொன்னேன். அந்த இரண்டு நாளும் நான் ஓடிய ஓட்டத்துக்குக் கணக்கில்லை. வீட்டில் மோட்டருக்கும் தேங்காய்க்கும்தான் கதை. இங்கே இரண்டு பேருக்கும் வேறு வேறு கதைகள் வரத் தொடங்கியிருந்தன. அக்கோடியனின் ஆட்டம் ஒன்று நொண்டுகிற மாதிரியான தாளத்தில் போனது. நல்ல ஆட்டக்காரர்களே கால் தடக்கி விழுந்தார்கள். பெரியப்பா கொஞ்சநேரம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “கொப்பரிட்டச் சொல்லு, இது தகதிமி தகிட எண்டு” என்றார். அப்பா, “சொல்லு, அது எனக்கு எப்பவோ தெரியுமாம்” என்றார். இரண்டு பேரும் இரண்டு மூலையிலிருந்து ஒரே தாளத்தைத் துடையில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதையெல்லாம் இவா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சனிக்கிழமை மத்தியானத்தில் என்னைக் கூப்பிட்டார். அப்பாவைக் காட்டித் தன் வாயைத் தொட்டார், பெரியப்பாவைக் காட்டி மறுபடியும் வாயைத் தொட்டார், பிறகு இரண்டு விரலை அகலமாக விரித்துக் காட்டினார். அவர் என்ன கேட்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு பேருக்கும் வேறு வேறு பாஷையா என்று கேட்கிறார். இதென்ன விசர்க்கதை என்று நினைத்து, இல்லை என்று தலையை நன்றாக இடமும் வலமும் ஆட்டினேன். அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. என் கன்னத்தில் கொஞ்சினார். அவருடைய நாட்டில் தலையை இடமும் வலமும் ஆட்டினால் ஆம் என்று அர்த்தமாம். இதை நான் அறிந்தது எவ்வளவோ காலம் கழித்து.

ஞாயிறு காலையில் அம்மா குசினி யன்னலடியில் நின்று போனில் மெதுவாகக் கதைத்ததைக் கேட்டேன். பெரியப்பாவோடு எப்போதும் சோடியாக ஆடுகிறவர் சாம்பல்தீவில் இருந்தார். அன்று மாலை ஊர்ச்சனத்துக்கு முன்னால் எல்லா நாட்டு ஆட்டமும் நடக்க இருந்தது. வசந்தனுக்கு அவர் வரவேண்டும்.

“நீங்கள் வர வேண்டாம், அண்ணை” என்று அம்மா சொன்னார். “உங்களுக்குக் காய்ச்சல். விளங்குதோ? நல்ல காய்ச்சல்.”

அவ்வளவு தூரத்தில் இருப்பவருக்குக் காய்ச்சல் என்று அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் அதிசயப்பட்டேன்.

சோடி வரவில்லை என்ற செய்தி பத்து மணியளவில் பெரியப்பாவுக்குப் போனது. அவர் வாங்குப் பலகையில் இருந்தபடி நெடுநேரம் யோசித்தார். பொடியனாக இருந்த காலத்தில் அவருக்குச் சோடி அப்பாதான். அது வளவில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லமாட்டார்கள். கடைசியில் என்னைப் பார்த்துக் கையசைத்தார்.

“கொப்பரிட்டச் சொல்லு, எனக்குச் சோடி இல்லை. வாறவர் எண்டா வரட்டும்.”

அப்பா ஒரு பெட்டிக்குப் பின்னால் குனிந்திருந்தார். நிமிரவில்லை. “பெரியப்பாட்டச் சொல்லு, மைக்கை விட்டுட்டு நான் எங்க ஆடுறது எண்டு.”

“சொல்லு, மைக் ஓடிப் போகாதாம்.”

“சொல்லு, எனக்கு எல்லாம் மறந்துபோச்சாம்.”

“சொல்லு” என்று தொடங்கிய பெரியப்பா எழும்பி நின்றார். “சொல்லு, எனக்கு ஒண்டும் மறக்கேல்லையாம்.”

அதைச் சொன்னபோது அப்பா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். காற்றில் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து நான் திரும்பவும் பலமாகச் சொன்னேன். “கேட்டுது பிள்ளை” என்றார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போய், மரத்தில் சாத்திவைத்திருந்த கோல்களில் இரண்டை எடுத்தார்.

அன்று மத்தியானம் முழுவதும் இரண்டு பேரும் வேப்பமர நிழலில் எதிரெதிரே நின்று பழகினார்கள். ஒரு சொல் பேசவில்லை. கோலோடு கோல் படுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில் தயாராக நின்றேன், எனக்கு ஒரு வேலையும் வரவில்லை. அப்பாவின் கோல் பிந்தினால் பெரியப்பாவின் கோல் அந்தரத்தில் அவருக்காக நிற்கும். பெரியப்பாவுக்கு மூச்சு வாங்கினால் அப்பா தன் சாரத்தைச் சரிசெய்கிறவர் மாதிரி நிறுத்திவிட்டு அதை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவார். அன்றைக்கு எனக்கு எல்லாமே ஒரு கோயில் திருவிழா மாதிரிதான் இருந்தது. மான்கள் நிழலில் படுத்து அசைபோட்டபடி பார்த்துக்கொண்டிருந்தன. குசினிக்குள் அம்மாவும் பெரியம்மாவும் சொதிக்கு உப்புப் போட மறந்து யன்னலில் நின்றார்கள். அன்றைய சொதியை வெளிநாட்டுக்காரர்கள் நல்லாயிருக்கு என்று சொல்லிக் குடித்தார்கள்.

பின்னேரம் வெயில் சாய்ந்ததும் ஊர்ச்சனம் வரத் தொடங்கியது. ஆட்டோக்காரர்கள், பள்ளிக்கூட ரீச்சர்மார், எங்களுக்கு மீன் தருகிற கிண்ணியா நானா, நெஞ்சில் கைவைத்த பக்கத்து வீட்டு மாமி, எல்லாரும் வந்தார்கள். சூரியன் மா ஆலைப் பக்கம் இறங்க, பங்களாவின் கூரைக்கு மேலால் நிலவு எழும்பியது. இரண்டு வெளிச்சமும் புல்லில் கலந்து, ஆடுகிறவர்களின் கால்கள் நிலத்தில் படுகின்றனவா என்றே தெரியவில்லை. ஒவ்வொரு நாடாக ஆடி முடிந்தது. அப்பாவும் பெரியப்பாவும் இடுப்பில் லேஞ்சித் துணி கட்டி, கோல்களோடு நடுவில் வந்து நின்றார்கள்.

அப்போதுதான் இவா மைக்கைப் பிடித்தார். அப்பாவின் சொந்த மைக். அன்று காற்று அதிகம் என்று சத்தத்தை நன்றாகக் கூட்டி வைத்திருந்ததும் அப்பாதான். இவா இங்கிலீஷில் உருகிச் சொல்லச் சொல்ல, கொழும்பு அக்கா தமிழாக்கினார்.

“இவா சொல்றாங்க, இப்ப ஆடப்போற இந்த ரெண்டு பேருக்கும் ஒருத்தர்ட பாஷை மற்றவருக்குத் தெரியாது. ரெண்டு நாளா இந்தச் சின்னப் பிள்ளைதான் நடுவில நின்று ரெண்டு பேருக்கும் மொழிபெயர்த்தது.”

பாதியிலேயே அந்த அக்காவுக்கு ஏதோ பிழை என்று விளங்கிவிட்டது. குரல் மெலிந்தது. ஆனால் மைக்கில் தொடங்கியதைப் பாதியில் விட ஏலுமா? “பாஷை இல்லாட்டியும் மனுஷர் சேர்ந்து ஆடலாம் என்று, இவங்க, எங்களுக்கு, காட்டப்போறாங்க.”

நான்கு பெட்டியும் அதைத் துறைமுகம் முழுவதற்கும் சொல்லின. முதலில் கிண்ணியா நானா ஒரு சிரிப்புச் சிரித்தார். அவ்வளவுதான், முற்றம் முழுவதும் பிடித்துக்கொண்டது. அங்கே இருந்த சனம் முழுவதற்கும் எங்கள் வளவுக் கதை தெரியும். ரீச்சர்மார் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். இவாவும், எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள் என்று கைதட்டினார்.

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். கறுத்துப்போயிருந்தது. அந்த முகம் எனக்குத் தெரியும். அது வந்தால் அப்பா ஒரு சொல்லும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விடுவார், பிறகு அவரைத் தெய்வமும் திருப்ப ஏலாது. குசினி வாசலில் பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா குனிந்து கோல்களைப் புல்லில் வைக்கப்போனார். பெரியப்பா என்னைத் தேடுவார், இந்தா ஓடவேண்டும் என்று காலைத் தூக்கினேன்.

பெரியப்பா என்னைத் தேடவில்லை. அப்பாவைப் பார்த்தார். மைக் பக்கத்தில் இருந்ததால் அதுவும் நான்கு பெட்டியிலும் கேட்டது.

“உனக்குத் தமிழ் தெரியாதாமடா.”

குனிந்த அப்பா குனிந்தபடியே நின்றார். சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. அக்கரையில் ஏதோ கப்பல் ஒருமுறை ஊதியது. அப்பா நிமிர்ந்தபோது கோல்கள் அவருடைய கையில்தான் இருந்தன.

“ஆர் சொன்னது? நல்லாத் தெரியும், அண்ணை.”

அண்ணை என்ற சொல்லை அப்பாவின் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு விளங்கவில்லை. ஆனால் பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்துவிட்டது. “பெரியப்பா, அப்பா சொல்றார், நல்லாத்” என்று தொடங்கிவிட்டேன். எப்போது ஓடிவந்தாரோ, அம்மா வெங்காய மணம் மணக்கும் கையால் என் வாயைப் பொத்தி என்னை அப்படியே தூக்கிக்கொண்டு போனார். பின்னால் கோல் சத்தம் தொடங்கியது. பெரியப்பா பாட்டைத் தொடங்க, அப்பா வாங்கிப் படித்தார். வட்டம் சுற்றிச் சுற்றி, கடைசியில் ஊர்ச்சனமும் வெளிநாட்டுக்காரரும் எல்லாரும் எழும்பி உள்ளே போய், யார் எவர் என்று தெரியாமல் நிலவில் சுற்றினார்கள். பெரியம்மா மட்டும் குசினிப் படியில் இருந்து வாய்விட்டு அழுதார். இவ்வளவு நல்ல ஆட்டத்துக்கு எதற்கு அழுகிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் போயா. வெளிநாட்டுக்காரர்கள் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். இவா போகும்போது என்னைக் கட்டிப்பிடித்துக் கண்கலங்கி, தன் கழுத்திலிருந்த பாசிமணியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டுப் போனார். புல்லெல்லாம் மிதிபட்டுக் கிடந்தது. அப்பா வயர் சுற்றிக்கொண்டிருந்தார். பெரியப்பா கவிழ்த்துவைத்த ஒரு பெட்டியில் இருந்தார். நான் வழக்கம்போல இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றேன்.

ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலால் கதைத்தார்கள். மெதுவாக, அவசரமில்லாமல், நேற்றும் முந்தநாளும் கதைத்தவர்கள் மாதிரிக் கதைத்தார்கள்.

“நாளைக்கு மகரகமைக்குப் போகோணும்” என்றார் பெரியப்பா.

அப்பாவின் கையில் சுற்றின வயர் நழுவி விழுந்தது. “எப்ப இருந்து?”

“கொஞ்ச நாளா. உனக்குச் சொல்லோணும் எண்டு நிண்டனான். எப்பிடிச் சொல்லுறது?”

“நானும் வாறன்.”

“உன்ர கடை?”

“கடை கிடக்கட்டும், அண்ணை.”

எங்கள் நாட்டில் பெரியவர்கள் மகரகமை என்றால் ஊரைச் சொல்வதில்லை. அங்கே இருக்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரியைத்தான் சொல்கிறார்கள். நோயின் பெயரைச் சொல்ல வாய் வராமல் ஊரின் பெயரைச் சொல்லிவிடுவார்கள், கேட்பவர்களும் மேலே ஒன்றும் கேட்கமாட்டார்கள். அந்தப் பயணத்தைப் பிறகு எத்தனையோ தடவை இரண்டு பேரும் சேர்ந்து போய், சேர்ந்து வந்தார்கள். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் வாய் ஓயாமல் கதைப்பார்களாம். கடைசித் தடவை அப்பா தனியே வந்தார். இதெல்லாம் அந்தக் காலையில் எனக்கு எப்படித் தெரியும்? மகரகமையிலும் ஒரு ஆட்ட முகாம் நடக்கிறது, அதற்கு இரண்டு பேரும் என்னை விட்டுவிட்டுப் போகப்போகிறார்கள் என்றுதான் விளங்கிக்கொண்டேன்.

“நானும் வாறன்” என்றேன். “நான் வராட்டி நீங்கள் ரெண்டு பேரும் எப்பிடிக் கதைக்கிறது?”

பெரியப்பா என்னை இழுத்து மடியில் இருத்தினார். “நாங்கள் கதைச்சுக்கொள்ளுவம் பிள்ளை” என்றார். “இனி நீ ஓடத் தேவையில்லை.”

நான் ஓவென்று அழத் தொடங்கினேன். விக்கி விக்கி, மூக்கு ஒழுக, தேற்ற ஏலாதபடி அழுதேன். அப்பா மற்றப் பக்கம் திரும்பி, சுற்றி முடிந்த வயரையே திரும்பச் சுற்றினார். பெரியப்பா தன் லேஞ்சியால் என் முகத்தைத் துடைத்தார்.

“அழாத குஞ்சு” என்றார். “பெரியப்பா திரும்பி வருவன். கட்டாயம் வருவன்.”

அவர் ஏன் அதைப் போய் அவ்வளவு பெரிதாகச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை. திரும்பி வராமல் வேறெங்கே போகப்போகிறார்? நான் அதற்கா அழுதேன்? இனிமேல் இரண்டு பேரும் என்னைக் கேளாமல் கதைத்துக்கொண்டே இருக்கப்போகிறார்களே என்றுதான் அழுதேன்.